பழைய வீட்டுக் கதவு, ஊஞ்சல், முற்றத்து மழை: பதிவை ஓட்டாமல் கேமுக்குள்ளேயே சத்தம் உருவாக்க முடியுமா?

முகப்பு_கேம் (காரைக்குடி) கேட்டது:

வணக்கம். கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடு ஒன்றை மாதிரியாக வைத்து ஆண்ட்ராய்டுக்கு ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறேன். சண்டை, புள்ளிகள் எதுவும் கிடையாது. முகப்பில் நுழைந்து வளவு, முற்றம், இரண்டாங்கட்டு என்று வீட்டைச் சுற்றி வரலாம். ஊஞ்சலில் உட்காரலாம். கதவைத் திரையில் விரலால் இழுத்துத்தான் திறக்க வேண்டும்.

படம் எல்லாம் நன்றாக வந்துவிட்டது. ஒலியில்தான் நிற்கிறேன். என் ஆயா (பாட்டி) வீட்டு நிலைக்கதவைத் திறந்து மூடி மைக்கில் பதிவு செய்தேன். தனியாகக் கேட்டால் அருமையாக இருக்கிறது. கேமுக்குள் வைத்தால் விரல் பாதியில் நின்ற பிறகும் சத்தம் தன்பாட்டுக்கு ஓடி முடிகிறது. விரல் வேகத்துக்கு ஏற்றபடி பதிவை நீட்டிச் சுருக்கினால் தேக்கு மரம் பிளாஸ்டிக் ஆகிவிடுகிறது. மழைக்கும் இதே சிக்கல்தான். லூப் திரும்பி வரும் இடம் காதில் விழுந்துவிட்டால் அப்புறம் அது மட்டும்தான் கேட்கிறது.

பியூர் டேட்டா, சூப்பர்கொலைடர் மாதிரி கருவிகளில் ஒலியை அந்தந்த நொடியே கணக்குப் போட்டு உருவாக்கலாம் என்கிறார்கள். எனக்கு சி ஷார்ப் நிரல்மொழி தெரியும், ஒலிக் கணக்கு தெரியாது. எங்கே தொடங்குவது? சாதாரண போன் தாங்குமா?

---

பள்ளத்தூர்_பேட்ச்:

தம்பி, எனக்குப் பள்ளத்தூர். நாடகங்களுக்கும் கேம்களுக்கும் ஒலி செய்வதுதான் தொழில். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் பதிவில் இருப்பது யாரோ ஒரு நாள் ஒரு வேகத்தில் கதவைத் திறந்த சத்தம். அதை எப்படி வெட்டி ஒட்டினாலும் இன்னொருவர் திறப்பது அதற்குள் வராது. எனவே கதவு ஏன் கத்துகிறது என்பதைப் பிடியுங்கள், அதை போனுக்குள் கட்டுங்கள். சத்தம் தானாக வரும்.

கதவு சுழல்வதற்காக அதன் ஓரத்தில் மேலும் கீழும் நீட்டியிருக்கும் முளைதான் குடுமி. அது தன் குழிக்குள் ஒட்டிக்கொள்கிறது. நாம் தள்ளத் தள்ள விசை சேர்கிறது. ஒரு கட்டத்தில் பிடி விட்டு வழுக்குகிறது, உடனே மறுபடி ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு வழுக்கலும் ஒரு சின்ன ‘டக்’. மெதுவாகத் திறந்தால் டக், டக் என்று தனித்தனியாகக் கேட்கும். வேகம் கூடினால் நெருங்கி ‘டர்ர்ர்’ என்றாகும். நொடிக்கு இருபது, முப்பதைத் தாண்டும்போது நம் காது ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்பதை விட்டுவிடும். அப்போது அது ஒரு சுருதியாகிறது, அதுதான் கிறீச். இன்னும் வேகமாகத் தள்ளினால் ஒட்டிக்கொள்ளவே நேரம் கிடைக்காது, சத்தம் அடங்கிவிடும். ராத்திரி வீட்டாரை எழுப்பாமல் வெளியே போக நினைப்பவர்கள் கதவை மெதுவாகத் திறக்காமல் ஒரே வீச்சில் திறப்பதற்கு இதுதான் காரணம்.

இதை பியூர் டேட்டாவில் கட்டுவது கடினமில்லை. கதவு திரும்பும் வேகம் ஒரு எண்ணாக பேட்ச்சுக்குள் (அந்தக் கருவியில் நாம் கட்டும் ஒலி நிரல்) வரட்டும். அந்த எண் துடிப்புகளின் இடைவெளியைத் தீர்மானிக்க வேண்டும். ஊர்ந்து போகும்போது 200 மில்லிசெகண்டு, வேகத்தில் 4 வரை இறங்கலாம். ஒவ்வொரு இடைவெளியிலும் சிறிது ரேண்டம் கலந்துவிடுங்கள், இல்லாவிட்டால் மோட்டார் ஓடுவது போல இருக்கும். இன்னொன்றை மறக்க வேண்டாம்: இடைவெளி நீண்டால் அடுத்து வரும் ‘டக்’ பலமாக இருக்க வேண்டும். அதிக நேரம் ஒட்டியிருந்ததால் அதிக விசை சேர்ந்திருக்கும் அல்லவா? பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கதவுக்குக் கனம் வருவதே இதில்தான்.

அடுத்தது மரம். இந்தத் துடிப்பு வெறும் சொடக்கு மாதிரிதான் இருக்கும், அதைத் தேக்காக்க வேண்டும். உங்கள் ஆயா வீட்டுக்கே போய்க் கதவை விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டி அதைப் பதிவு செய்யுங்கள். நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று, மேல் சட்டத்தில் ஒன்று. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அந்தத் தட்டை மட்டும் தேர்ந்தெடுத்து ஸ்பெக்ட்ரம் வரைபடம் போட்டால் சில அலைவெண்களில் உச்சி தெரியும். ஆறேழு உச்சிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பேண்ட்பாஸ் ஃபில்டர், அதாவது அந்த அலைவெண்ணை ஒட்டியதை மட்டும் விடும் வடிகட்டி. எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக வைத்துத் துடிப்பை அத்தனைக்கும் அனுப்பி, வெளியே வருவதைக் கூட்டுங்கள். அந்த எண்கள் தந்திக் கருவியில் வருவது போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஒழுங்காக இருக்காது. ஒழுங்காக்கவும் முயல வேண்டாம். அந்த ஒழுங்கின்மைதான் மரப்பலகை.

இதே பேட்ச் ஊஞ்சலுக்கும் ஆகும். கொக்கியும் வளையமும் உரசுவதும் இதே ஒட்டலும் வழுக்கலும்தான். மரத்துக்குப் பதிலாக இரும்பின் அலைவெண்களைப் போட்டு, ஃபில்டர்களைக் குறுகலாக்கி, அதிர்வை நீளவிட வேண்டும். வேகத்தை எங்கே எடுப்பது? சங்கிலி இரண்டரை மீட்டர் என்றால் ஒரு முழு ஆட்டத்துக்கு ஏறத்தாழ 3.2 நொடி. உட்கார்ந்திருப்பவர் குழந்தையா பெரியவரா என்பது அதை மாற்றாது, சங்கிலியின் நீளம்தான் மாற்றும். ஆட்டத்தின் நடுவில் வேகம் உச்சம், இரு ஓரத்திலும் பூஜ்யம். ஆகவே சத்தம் நடுவில் நெருங்கி ஓரத்தில் விட்டுப் போகும். இதைக் கேட்டால் போதும், திரையைப் பார்க்காமலே ஊஞ்சல் எந்தப் பக்கம் போகிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிடும்.

மழைக்கு வருவோம். எல்லோரும் வெள்ளை இரைச்சலை (எல்லா அலைவெண்ணும் சமமாகக் கலந்த ‘ஷ்ஷ்’ சத்தம்) ஒரு ஃபில்டரில் விட்டு மழை என்கிறார்கள். அது தூரத்து மழைக்குச் சரி. முற்றத்து மழை அப்படியல்ல. அதில் மூன்று மழை இருக்கிறது. கூரை ஓட்டில் விழுவது குட்டையான, மங்கிய சொடக்கு. அதற்கு ரேண்டம் துடிப்பும் அதிகம் அதிராத ஒரு ஃபில்டரும் போதும். துளிகளைச் சம இடைவெளியில் விடாதீர்கள். ஒரு துளிக்கும் அடுத்ததற்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது.

இரண்டாவது, தேங்கிய தண்ணீரில் விழும் துளி. ‘ப்ளிங்க்’ என்று கேட்பது துளி மோதும் சத்தம் இல்லை. துளி உள்ளே போகும்போது சிக்கிக்கொள்ளும் காற்றுக்குமிழி அதிரும் சத்தம் அது. 1933இல் மின்னார்ட் என்ற அறிவியலாளர் இதற்குக் கணக்குக் கொடுத்தார். தண்ணீரில் குமிழியின் ஆரம் 1 மில்லிமீட்டர் என்றால் ஏறத்தாழ 3,300 ஹெர்ட்ஸ், 3 மில்லிமீட்டர் என்றால் 1,100 பக்கம். பெரிய குமிழி, தாழ்ந்த குரல். ஒரு சைன் அலை, சட்டென்று தேயும் ஒலியளவு, தேயும்போதே சுருதி லேசாக மேலே ஏற வேண்டும். அவ்வளவுதான். குமிழியின் அளவை மட்டும் ரேண்டமாக மாற்றிக்கொண்டே இருங்கள். எட்டுத் துளிக் குரல்களைக் கட்டி மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் போதும், துளிக்கு ஒரு பேட்ச் தேவையில்லை.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: கூரைத் தண்ணீர் தாரையாக அண்டாவில் விழுவது. நிரம்ப நிரம்பச் சுருதி ஏறும், ஏனென்றால் மேலே மிச்சமிருக்கும் காற்றின் உயரம் குறைகிறது. நேரான பக்கமுள்ள பாத்திரம் என்று வைத்தால், ஒலியின் வேகத்தை அந்த உயரத்தின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். 60 சென்டிமீட்டர் காலியாக இருந்தால் 143 ஹெர்ட்ஸ் பக்கம், 20 மிச்சம் என்றால் 430 பக்கம். கேமில் அண்டாவின் நீர்மட்டம் ஏற்கெனவே ஒரு எண்ணாக இருக்கும். அதை ஃபில்டரோடு இணைத்துவிடுங்கள். விளையாடுபவர் இரண்டாங்கட்டில் நின்றுகொண்டே அண்டா நிரம்பப் போகிறது என்று கேட்டு ஓடிவருவார். எந்தப் பதிவும் இதைச் செய்யாது.

எதிரொலி பற்றிச் சுருக்கமாக: வழவழப்பான சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல் தரையும் உயர்ந்த சுருதி ஒலிகளை விழுங்காமல் திருப்பி அனுப்பும். முற்றத்தில் மேலே வானம், போன ஒலி திரும்பாது. அதனால் பட்டாலை என்ற கூடத்தில் ரிவெர்ப் (எதிரொலி விளைவு) பிரகாசமாகவும் முற்றத்தில் குறைவாகவும் வையுங்கள்.

---

தேவகோட்டை_டோன்:

அண்ணன் சொன்ன கதவும் அண்டாவும் முழுக்கச் சரி. ஆனால் எல்லாவற்றையும் கணக்கில் செய்ய வேண்டும் என்று இறங்கிவிடாதீர்கள். நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: விளையாடுபவரின் செயலோடு மாறும் சத்தம் என்றால் பேட்ச், மாறாத சத்தம் என்றால் பதிவு. மயில் அகவுவது, தூரத்துக் கோயில் மணி, அடுப்படியில் ஆட்கள் பேசும் முணுமுணுப்பு எல்லாம் பதிவாகவே இருக்கட்டும். மனிதக் குரலைக் கணக்கில் செய்யப் போனால் கேம் எப்போதும் வெளிவராது.

இரண்டையும் கலக்கவும் செய்யலாம். உங்களிடம் இருக்கும் நல்ல பதிவை 30 முதல் 80 மில்லிசெகண்டு வரையான துணுக்குகளாக வெட்டி, எந்தத் துணுக்கு எப்போது ஒலிக்க வேண்டும் என்பதை மட்டும் வேகத்திடம் விடுங்கள். மரத்தின் குணம் பதிவிலிருந்து வரும், ஓட்டம் விரலிலிருந்து வரும்.

கருவி விஷயம். நான் சூப்பர்கொலைடர் ஆள். ஜேம்ஸ் மெக்கார்ட்னி 1996இல் வெளியிட்டது, 2002 முதல் கட்டற்ற மென்பொருள். எழுதி எழுதிக் கேட்டுப் பார்க்க அதைப் போல எனக்கு எதுவும் வாய்க்கவில்லை. ஆனாலும் உங்களுக்கு நான் பியூர் டேட்டாதான் சொல்வேன். சூப்பர்கொலைடரின் உரிமம் ஜிபிஎல், அதைச் சேர்த்து வெளியிடும் மென்பொருளின் மூலநிரலையும் திறந்து வைக்கச் சொல்வது. அதனால் மூலநிரலை வெளியிடாத கேமுக்குள் அதைப் பொதிப்பது சிக்கல். மில்லர் பக்கெட் உருவாக்கிய பியூர் டேட்டாவின் உரிமம் தாராளமானது. லிப்பிடி என்ற நூலகம் வழியாக ஆண்ட்ராய்டு ஆப்புக்குள் பேட்ச்சை அப்படியே வைக்கலாம். பேட்ச் கோப்பு சில கிலோபைட்தான். ஸ்டீரியோ வேவ் பதிவு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி.

---

தச்சுப்பட்டறை:

எனக்குக் கம்ப்யூட்டர் ஒலி தெரியாது. என் மகன் இந்தத் திரியைக் காட்டினான். கதவு பற்றி மட்டும் சொல்கிறேன், அது எங்கள் பரம்பரை வேலை.

நீங்கள் ஒரு கதவு என்கிறீர்கள். அந்த வீடுகளில் முகப்புக் கதவு இரட்டை. ஒரு பலகையின் ஓரம் மற்றதன் மேல் ஏறி உட்காரும். எனவே முதலில் திறக்கும் பலகைக்கும் அடுத்ததற்கும் ஒரே சத்தம் வரக் கூடாது. தினமும் திறக்கும் பலகையின் குடுமி தேய்ந்து வழவழப்பாக இருக்கும். விசேஷத்துக்கு மட்டும் திறக்கும் பலகைதான் நன்றாகக் கத்தும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊதும். அப்போது குடுமிச் சத்தத்தோடு பலகை வாசற்படியில் இழுபடும் சத்தமும் சேரும். விளக்கெண்ணெய் விட்டால் சில நாள் அமைதி, தூசி சேர்ந்ததும் பழையபடி.

அப்புறம் தம்பி, தேக்குக் கதவு விரலோடு நகராது. முதலில் அசையாது, பிறகு கிளம்பும், கிளம்பினால் விட்ட பிறகும் கொஞ்ச தூரம் போகும். அதைப் படத்திலும் காட்டுங்கள், சத்தத்திலும் காட்டுங்கள்.

---

முகப்பு_கேம்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஆயா வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டிப் பதிவு செய்து, உச்சிகளைப் போட்டுப் பார்த்தேன். மெதுவாகத் திறக்கும்போது கேட்பது எங்கள் வீட்டுக் கதவேதான். ஆயாவிடம் போனைக் கொடுத்தேன், “யாரு வர்றது?” என்று முகப்பைப் பார்த்தார்கள்.

இரண்டு சிக்கல் மிச்சம். வேகமாக இழுக்கும்போது சுருதி ஏறாமல் கரகரவென்று உடைகிறது. விரல் நகர்வு போனில் விட்டு விட்டு வருவதால் சத்தமும் படிப்படியாகத் தாவுகிறது.

---

பள்ளத்தூர்_பேட்ச்:

ஆயா முகப்பைப் பார்த்தார்கள் என்பதைப் படித்ததும் இங்கே வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

முதல் சிக்கல்: துடிப்பின் வடிவத்துக்கு ‘லைன்’ ஆப்ஜெக்ட் (பேட்ச்சில் இணைக்கும் ஒரு பெட்டி) போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பியூர் டேட்டா ஒலியை 64 சாம்பிள் (ஒலியின் ஒரு கணத்து அளவு) கொண்ட கட்டுகளாகக் கணக்கிடுகிறது. 44,100 ஹெர்ட்ஸில் ஒரு கட்டு 1.45 மில்லிசெகண்டு. ‘லைன்’ ஒவ்வொரு துடிப்பையும் கட்டின் விளிம்புக்கு நகர்த்திவிடும். 200 மில்லிசெகண்டு இடைவெளியில் அது தெரியாது, 4 மில்லிசெகண்டில் சுருதியையே உடைத்துவிடும். அதற்குப் பதில் ‘வி-லைன்’ போடுங்கள். அது கட்டின் நடுவிலும் தொடங்கும்.

இரண்டாவதற்குத் தச்சர் ஐயா ஏற்கெனவே விடை சொல்லிவிட்டார். விரலின் வேகத்தை நேராக பேட்ச்சுக்கு அனுப்பாதீர்கள். விரல் கொடுப்பது விசை. கேமுக்குள் கதவுக்கு ஒரு எடையும் கிளம்புவதற்கு ஒரு தடையும் வைத்து, அந்தக் கதவு எந்த வேகத்தில் திரும்புகிறதோ அதை அனுப்புங்கள். எடை சேர்ந்தாலே தாவல் பெரும்பாலும் மறைந்துவிடும். இரட்டைப் பலகைக்குத் தடையின் அளவை வேறு வேறாக வையுங்கள். மழை என்ற எண் ஒன்றை வைத்து அது கூடும்போது தடையையும் கூட்டினால் கார்த்திகைக் கதவும் கிடைத்துவிடும்.

போன் தாங்குமா என்று முதலில் கேட்டிருந்தீர்கள். இருபது முப்பது ஃபில்டர், எட்டுத் துளிக் குரல், ஒரு ரிவெர்ப் என்பது இன்றைய சாதாரண போனுக்குப் பெரிய சுமையே இல்லை. பேட்டரிக்காக, யாரும் தொடாத கதவின் பேட்ச்சை ‘ஸ்விட்ச்’ ஆப்ஜெக்ட் வைத்து நிறுத்தி வையுங்கள். கூடுதல் ஆப்ஜெக்ட்களைத் தேடி இறக்க வேண்டாம், பியூர் டேட்டாவின் அடிப்படைத் தொகுப்பில் இருப்பதை மட்டும் பயன்படுத்துங்கள். லிப்பிடியில் இயல்பாக வருவது அது மட்டும்தான்.