சின்னப் பிள்ளைகளோடு குரூஸ்: கொடுக்கிற காசுக்குத் தேறுமா?

யீஷூன் அப்பா:

வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறைக்கு சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் குரூஸ் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். மரீனா பேயில் ஏறி, பினாங்கில் ஒரு நாள் நின்று, திரும்ப மரீனா பே, மொத்தம் மூன்று இரவு. பெரியவளுக்கு நாலரை வயது, சின்னவனுக்கு ஒன்றரை. பால்கனி அறை நாலு பேருக்கும் சேர்த்து 2,600 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) கொஞ்சம் மேலே காட்டுகிறது. துறைமுகக் கட்டணமும் வரியும் அதற்குள்ளே, டிப்ஸ் தனி. ஜன்னல் இல்லாத உள்ளறை என்றால் எழுநூறு வெள்ளி வரை குறைகிறது.

எனக்கு மனசு ஒப்பவில்லை. இந்தக் காசில் நாலு பேரும் திருச்சிக்குப் போய் வந்துவிடலாம், அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளும் உண்டு. வீட்டில் என்ன சொல்கிறாள் என்றால், ஊருக்குப் போவது லீவே இல்லை, அது வேறு கணக்கு என்கிறாள். பெரியவள் டிஸ்னி கப்பல்தான் வேண்டும் என்று நிற்கிறாள். அது எந்தத் துறைமுகத்திலும் நிற்காதாம், விலையும் நமக்கு எட்டாது, அதனால் அந்தப் பேச்சை இங்கே எடுக்கவில்லை.

விளம்பரத்தில் வருகிற பம்பர் கார், ஆளைக் காற்றில் மிதக்க வைக்கிற குழாய் எல்லாம் இந்த வயசுக்கு ஆகுமா? கடல் மயக்கம் வருமா? சாப்பாடு எப்படி, சின்னவன் தயிர் சாதம், பருப்பு சாதம் தவிர எதையும் வாயில் வைக்க மாட்டான். போய் வந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், ஏஜென்ட் சொல்வதையெல்லாம் கேட்டாச்சு.

பொங்கோல் அக்கா:

தம்பி, சின்னவன் டயப்பரை விட்டாச்சா? முதல் கேள்வி அதுதான், மற்றதெல்லாம் அப்புறம். கப்பலில் பிள்ளைகளை விட்டுவிட்டு வர ஓர் இடம் உண்டே, விளம்பரத்தில் அம்மாவும் அப்பாவும் சிரித்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுவதெல்லாம் அதை நம்பித்தான், அந்த இலவச கிளப்புக்கு ராயல் கரீபியன் கம்பெனிக் கப்பல்களில் 3 வயது ஆகியிருக்க வேண்டும், தானாகக் கழிப்பறைக்குப் போகவும் பழகியிருக்க வேண்டும். அதற்குக் கீழே, 6 மாதம் முதல் 36 மாதம் வரை உள்ளவர்களுக்கு நர்சரி இருக்கிற கப்பல்களும் இருக்கின்றன. அது மணிக்கு இவ்வளவு என்று காசு, இடமும் கொஞ்சம்தான், ஏறிய உடனே போய்ப் பேர் எழுதி வைக்காவிட்டால் மாலை நேரம் கிடைக்காது. நீச்சல் குளத்திலும் இதே கதை. நீச்சலுக்கென்று விற்கிற டயப்பர் போட்டிருந்தாலும் பெரிய குளத்தில் இறக்க விடமாட்டார்கள். சின்னதுகளுக்குத் தனியாகத் தண்ணீர் விளையாட்டு இடம் வைத்திருக்கிற கப்பல் என்றால் அங்கே மட்டும் விடலாம். எங்கள் பையன் குளத்தின் ஓரத்தில் நின்று, அக்கா குதிப்பதைப் பார்த்து அழுத அழுகை டெக் முழுக்கக் கேட்டது. பம்பர் காருக்கெல்லாம் உயரக் கணக்கு இருக்கிறது, உங்கள் பெரியவளுக்கே சிலது கிடைக்காது.

அடுத்தது அறை. ஒன்றரை வயசுப் பிள்ளை எட்டு மணிக்குத் தூங்கும். அறை மொத்தமே ஒரு கட்டில், ஒரு சோபா, நடுவில் தொட்டில் போட்டால் நடக்க இடமில்லை (தொட்டிலுக்குக் காசு கிடையாது, முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்). பிள்ளை தூங்கிய பிறகு விளக்கு போட முடியாது, டிவி போட முடியாது, பேச முடியாது. உள்ளறையில் இருந்தால் நீங்களும் எட்டு மணிக்குப் படுத்தாக வேண்டியதுதான், குளியலறையில் போய் உட்கார்ந்து போன் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். பால்கனி இருந்தால் கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்து ரெண்டு பேரும் நாலு வார்த்தை பேசலாம். அந்த எழுநூறு வெள்ளிக்கு நான் சொல்லக்கூடிய ஒரே நியாயம் அதுதான். கதவின் மேல் தாழ்ப்பாளை மட்டும் எப்போதும் போட்டு வையுங்கள்.

குளிக்கிற இடம் ஒரு ஆள் நிற்கிற அளவு, தொட்டி இருக்காது. காற்று ஊதி வைக்கிற சின்னத் தொட்டி ஒன்று எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு நீங்களும் சேர்ந்துதான் நனைய வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பயம் வேண்டாம். சிங்கப்பூரிலிருந்து போகிற கப்பல்களில் இந்தியப் பயணிகள் நிறைய, பஃபேயில் சோறு, பருப்பு, தயிர் கிடைக்கும். இரவு உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் முதல் நாளே பரிமாறுகிறவரிடம் சொல்லி வைத்தால் அடுத்த நாளிலிருந்து பிள்ளைக்கு முதலில் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். ரைஸ் குக்கர், கெட்டில் எடுத்துப் போகாதீர்கள், ஏறும்போதே வாங்கி வைத்துவிடுவார்கள். வெந்நீருக்கு ஃபிளாஸ்க் போதும்.

என்னைக் கேட்டால் சின்னவனுக்கு மூன்று முடியட்டும். இப்போதைக்கு தானா மேராவில் ஃபெரி ஏறினால் ஒரு மணி நேரத்தில் பிந்தான், கடற்கரையோடு ரிசார்ட், குளத்தில் யாரும் டயப்பரைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டார்கள். அது இந்தோனேசியா, இந்திய பாஸ்போர்ட் என்றால் விசாவுக்குக் காசு ஆகுமா என்று பார்த்து அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பட்டர்வொர்த்காரன்:

பினாங்கைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். கப்பல் நிற்பது ஜார்ஜ் டவுன் ஸ்வெட்டன்ஹாம் துறையில், ஊருக்கு நடுவிலேயே. அதனால் கப்பல்காரன் விற்கிற டூர் எதையும் வாங்காதீர்கள், பிள்ளைகளோடு பஸ்ஸில் அடைந்து கிடப்பதற்கு நாலு பேர் காசு. இறங்கினால் பக்கத்திலேயே கார்ன்வாலிஸ் கோட்டை, கொஞ்சம் நடந்தால் லிட்டில் இந்தியா, குயின் ஸ்ட்ரீட்டில் 1833-ல் கட்டிய மாரியம்மன் கோயில். சின்னவனுக்குத் தயிர் சாதம் வேண்டும் என்றால் அந்தத் தெருவிலேயே வாழையிலை போட்டுக் கிடைக்கும். வெயில் மட்டும் கொளுத்தும், ஸ்ட்ரோலருக்குக் கூரை வேண்டும், கடைகளுக்கு முன்னால் இருக்கிற ஐந்தடிப் பாதையில் பாதிக்குப் பாதி மோட்டார் சைக்கிள் நிற்கும், மடக்கித் தூக்கக்கூடிய ஸ்ட்ரோலராக எடுத்து வாருங்கள்.

ஃபுக்கெட் போகிற கப்பலை ஏஜென்ட் தள்ளிவிடப் பார்த்தால் யோசிங்க. பெரிய கப்பல்கள் பாத்தோங் பக்கம் கடலிலேயே நின்று சின்னப் படகில் ஆட்களை இறக்கும், கைக்குழந்தை, பை, ஸ்ட்ரோலர் எல்லாவற்றோடும் அந்தப் படகுக்கு வரிசையில் நிற்பது பெரும்பாடு.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு 2023 டிசம்பரிலிருந்து மலேசியா விசா கேட்பதில்லை. ஆனால் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து கூட வருவதாக இருந்தால் அவர்களுடைய சிங்கப்பூர் விசா மறுபடி உள்ளே நுழைய விடுமா என்று பார்த்து வையுங்கள், கப்பல் வெளியே போய்த்தானே திரும்புகிறது.

அப்புறம் ஒன்று, கோபிக்காதீர்கள். 2,600 வெள்ளி என்றால் எட்டாயிரம் ரிங்கிட்டுக்குக் கிட்ட. அந்தக் காசுக்கு விமானத்திலேயே வந்து பத்து ஃபெரிங்கி கடற்கரையில் நல்ல ஹோட்டலாகப் போட்டு ராஜா மாதிரி இருந்துவிட்டுப் போகலாம். கப்பலில் வந்தால் எங்கள் ஊரில் நீங்கள் இருக்கப்போவது சில மணி நேரம்.

ஸ்காபரோ மாமி:

நான் கனடாவில் இருந்து எழுதுகிறேன், நாங்கள் போனது மயாமியில் இருந்து கரீபியன் பக்கம். விலையைப் பற்றி ஒரு விசயம். ஏறும்போது கட்டுகிற காசோடு முடியாது. டிப்ஸ் ஆளுக்கு நாளுக்கு பதினெட்டு அமெரிக்க டொலருக்கு மேலே வரும், கைக்குழந்தைக்கும் சேர்த்துத்தான் போடுவார்கள். உங்கள் நாலு பேருக்கு மூன்று இரவு என்றால் 216 டொலருக்கு மேலே, அதைச் சிங்கப்பூர் காசாக்கிப் பாருங்கோ. பிறகு வைஃபை, ஜூஸ், கோக், வழியில் மறித்து எடுக்கிற படம். பஹாமாஸில் கொக்கோகே என்று ராயல் கரீபியன் கம்பனியின் சொந்தத் தீவு ஒன்று இருக்கிறது, கடற்கரைக்கும் சாப்பாட்டுக்கும் காசில்லை, தண்ணீர்ச் சறுக்குப் பூங்காவுக்கு மட்டும் தனி டிக்கெட். அது பிள்ளையளின் கண்ணுக்குப் படுகிற மாதிரி உயரமாக நிற்கும். என்ன செய்வது?

இன்னொரு கம்பனி, பெயர் வேண்டாம், குழந்தை பார்க்க ஆள் உண்டு என்று எழுதியிருந்ததை நம்பி என் மகள் புக் பண்ணினாள். ஏறின பிறகுதான் அந்தக் கப்பலில் அந்த வசதி இல்லை, வேறு கப்பலில்தான் என்றார்கள். ஆகவே கம்பனிப் பெயரைப் பார்க்காமல் அந்தக் கப்பலின் பெயரைச் சொல்லி, எழுத்தில் கேட்டு வாங்குங்கோ.

ஆனால் குரூஸ் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். என்னுடைய மாமியாருக்கு முழங்கால் ஏலாது. விமானம், ஹோட்டல், வான் என்று மாறி மாறி ஏறி இறங்க வைத்தால் அவ வரவே மாட்டா. கப்பலில் லிஃப்டில் போய்க் கதிரையில் இருந்தா, பேரப்பிள்ளையள் சுற்றி ஓடினார்கள், கடலைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தா. பின்னேரம் இரண்டு மணித்தியாலம் பிள்ளையை அவவிடம் விட்டிட்டு நாங்கள் ஷோ பார்த்தோம். தாத்தா பாட்டி கூட வந்தால் கணக்கே வேறு.

நைட் ஷிஃப்ட் நர்ஸ்:

கடல் மயக்கத்துக்கு மட்டும் பதில். ரெண்டு வயசுக்குக் கீழே அது அபூர்வம், 2-லிருந்து 12 வரைக்கும்தான் அதிகம். அதனால் கவனிக்க வேண்டியது பெரியவளை. மலாக்கா நீரிணை பொதுவாக அமைதி, கப்பலும் பெரிசு, பயப்பட ஒன்றுமில்லை. டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவக்காற்று நேரம் வியட்நாம் பக்கம் போகிற கப்பல் என்றால் அது வேறு. நடுக்கப்பலில் கீழ்த்தளத்து அறையில் ஆட்டம் குறைவு. மருந்தை உங்கள் டாக்டரிடம் கேட்டு, வயசுக்கு ஏற்ற அளவு எழுதி வாங்கிக்கொண்டு ஏறுங்கள், கப்பலுக்குள் டாக்டரைப் பார்த்தால் பில் டாலரில் வரும், பயணக் காப்புறுதி கப்பலுக்குள் சிகிச்சையையும் சேர்க்கிறதா என்று படித்துப் பாருங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வையுங்கள், வாசலில் இருக்கிற சானிட்டைசரை நம்ப வேண்டாம். கப்பல்களில் பரவுகிற, வாந்தி பேதி கொண்டுவரும் நோரோ வைரஸுக்கு அது சரியாக வேலை செய்யாது.

மயிலாப்பூர் ரவுண்ட்ஸ்:

சென்னையிலிருந்து இந்த மாதிரி ஏதாவது உண்டா? சிங்கப்பூர் வரைக்கும் டிக்கெட் போட்டு அப்புறம் கப்பல் என்றால் எங்களுக்குக் கட்டுபடியாகாது.

பட்டர்வொர்த்காரன்:

@மயிலாப்பூர் கோர்டேலியா என்கிற இந்திய கம்பெனியின் கப்பல் தென்மேற்குப் பருவமழை மாதங்களில் மும்பையை விட்டுச் சென்னைப் பக்கம் வந்து போயிருக்கிறது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கே போனது. 1990-ல் கட்டிய கப்பல், இப்போது வருகிற ராட்சதக் கப்பல்களோடு பார்த்தால் சின்னது. எந்த வருஷம் வருகிறது, எந்த ஊருக்குப் போகிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும், அவர்கள் இணையதளத்திலேயே பாருங்கள்.

யீஷூன் அம்மா:

இவர் போனில் இதைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார், எல்லாவற்றையும் படித்துவிட்டேன். சின்னவனுக்கு மூன்று ஆகட்டும், பொறுங்கள் என்று அக்கா சொல்கிறீர்கள். சரி, அந்த ஒன்றரை வருஷம் சமைப்பது யார்? எங்கள் வீட்டில் பணிப்பெண் கிடையாது. காலையில் டிபன், ரெண்டு பேருக்கும் தனித்தனியாக மதியச் சாப்பாடு, வேலைக்குப் போய் வந்து இரவுச் சமையல். திருச்சிக்குப் போனால் மாமியார் வீட்டு அடுப்படி, அங்கே பத்துப் பேருக்கு. பிந்தான் ரிசார்ட்டிலும் ஒவ்வொரு வேளையும் எங்கே சாப்பிடுவது, பிள்ளை எதைச் சாப்பிடும் என்று நான்தான் தேடணும். பம்பர் காரும் வேண்டாம் ஷோவும் வேண்டாம், பசிக்கிறபோது எழுந்து போனால் தட்டில் சோறு இருக்கணும், சாப்பிட்டு முடித்த தட்டை வேறு யாராவது எடுத்துப் போகணும். அதற்கு 2,600 அதிகமா என்று இவர் கேட்கிறார். என் ஒரு வருஷச் சமையலுக்குக் கூலி போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் கேட்கட்டும்.

பொங்கோல் அக்கா:

அம்மாடி, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வேறு பதில் எழுதியிருப்பேன். அப்படியென்றால் போயிட்டு வாங்க. ஆனால் ஜூனில் எதற்கு? பெரியவள் பாலர் பள்ளிதானே. தொடக்கநிலை ஒன்றில் சேர்கிற வரைக்கும் பள்ளி விடுமுறை உங்களைக் கட்டாது, மூன்று நாள் லீவு சொன்னால் டீச்சர் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஜூனிலும் டிசம்பரிலும்தான் எல்லாரும் போவார்கள், விலையும் அப்போதுதான் ஏறும். ஜூலையில், வார நடுவில் கிளம்புகிற தேதியைப் போட்டு, அதே பால்கனி அறைக்கு என்ன காட்டுகிறது என்று பாருங்கள். கூட்டமும் குறைவாக இருக்கும், பஃபேயில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேசை தேடி அலைய வேண்டாம். சின்னவனுக்கு ஸ்ப்ளாஷ் இடம் உள்ள கப்பலா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

யீஷூன் அப்பா:

குளித்துவிட்டு வருவதற்குள் இவ்வளவு நடந்திருக்கிறது.

ஜூலை நடுவில் ஒரு திங்கட்கிழமை கிளம்புவது 1,900-க்கும் கீழே காட்டுகிறது, அதே பால்கனி. டிப்ஸ் சேர்த்தாலும் ஜூன் விலைக்கு வராது. எனக்கு இது சரிப்படும். சின்னவனுக்கான தண்ணீர் இடத்தைக் கேட்டு எழுதியிருக்கிறேன். வேறு எதையாவது இப்போதே கவனிக்கணுமா? அறையை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்கிறது, ஏழாவது தளமும் பதின்மூன்றாவது தளமும் காலியாக இருக்கின்றன.

நைட் ஷிஃப்ட் நர்ஸ்:

ஏழு. ஆனால் தள வரைபடத்தைத் திறந்து அந்த அறைக்கு நேர் மேலே, நேர் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் காசு கட்டுங்கள். மேலேயும் கீழேயும் அறைகளாகவே இருக்கணும். நீச்சல் குளத்துக்கு அடியில் மாட்டினால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கிற சத்தத்தில் சின்னவன் எழுந்துவிடுவான், பார் அல்லது தியேட்டருக்கு மேலே என்றால் ராத்திரி பதினொன்று வரை தூங்க மாட்டான்.

யீஷூன் அம்மா:

ஏழாவது தளமே போட்டாச்சு, மேலே கீழே ரெண்டும் அறைதான். தொட்டிலுக்கும் எழுதியாச்சு. பெரியவளிடம் டிஸ்னி கப்பல் இல்லை என்பதை இவர் சொல்லட்டும்.