கடற்பாசி அரவை ஆலை தொடங்க வழிகாட்டுதல் வேண்டும்

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். இராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரின் அருகே பதினொரு பெண்கள் சேர்ந்து பாசி வளர்க்கும் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதுகிறேன். மூங்கில் மிதவைகளில் கட்டிய கப்பாபைகஸ் பாசியை (பெப்சி நிறுவனம் கொண்டுவந்ததால் எங்கள் ஊரில் இன்றும் 'பெப்சி பாசி'தான்) சுமார் 45 நாட்களில் அறுத்து, மணலில் விரித்த வலைமேல் காயவைத்து, ஒட்டிய உப்பை உதறிச் சாக்கில் கட்டுகிறோம். பத்துக் கிலோ பச்சைப் பாசி காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ தேறும். அதிலிருந்து கராஜினன் (உணவைக் கெட்டியாக்கச் சேர்க்கும் பொருள்) எடுக்கும் வேலையும் அதன் லாபமும் வெளியூருக்குப் போய்விடுகின்றன.

இராமநாதபுரம் 2018 முதல் மத்திய அரசின் 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்ற பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருக்கிறது. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. ஆனால் கட்டி முடித்தபின் அத்தகைய நிலையத்துக்கு அதிக ஆட்கள் தேவைப்படுவதில்லை. ஆகவே, வளமாவூரில் சுமார் 127 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்ட பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவையே நாங்கள் பெரிதும் நம்புகிறோம்.

பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் பெண்களுக்கு 60 சதவீத மானியம் உண்டு. மிதவைக்குக் கிடைக்கும் அந்த மானியம் உலர்த்தும் கூடத்துக்கும் அரவை இயந்திரத்துக்கும் பொருந்துமா, அல்லது மாவட்டத் தொழில் மையத்தின் வழியாக, புதிய தொழில்முனைவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் (NEEDS) திட்டத்தில் விண்ணப்பிப்பது நல்லதா? ஓர் அலுவலகத்தில் இருமுறை எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதி பெற்றவர்கள், திட்ட அறிக்கை எழுதத் தெரிந்தவர்கள் யாரேனும் இருந்தால், எந்த ஆவணங்களை எந்த வரிசையில் கொடுக்க வேண்டும் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.