சின்ன அரங்கில் ராக் கச்சேரி: காதடைப்பான் பற்றிச் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. சனிக்கிழமை 200 பேர் கொள்ளும் சின்ன அரங்கில் இண்டி ராக் குழு ஒன்றை முதல் வரிசையில் நின்று கேட்டேன். டிரம்ஸ் குச்சியிலிருந்து சிலாம்பு தெறித்து என் காலடியில் விழுந்தது, அவ்வளவு கிட்டே! ஆனால் மறுநாள் மதியம் வரை காதுக்குள் 'ஙொய்' என்று ஒரே இரைச்சல்.

100 டெசிபல் சத்தத்துக்கு ஒரு நாளைக்கு 15 நிமிடம்தான் எல்லை என்கிறது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் (NIOSH). நான் நின்றது இரண்டு மணி நேரம்.

முன்பு ஸ்பாஞ்சு அடைப்பான் போட்டுப் பார்த்திருக்கிறேன். கீச்சு ஒலியை அது ரொம்ப அமுக்குவதால் பாட்டு வரிகளே புரியவில்லை. எல்லா ஒலியையும் சமமாகக் குறைக்கும், இசைக்கலைஞர்கள் போடுகிற வகையை யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? குரல் தெளிவாகக் கேட்குமா? அடுத்த கச்சேரிக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது. பின்னால் போய் நிற்க மனசே வரவில்லை.