ஹாங்காங்ல நாலு நாள், அவங்க சைவம் நான் அசைவம்: எங்க சுத்தறது, எங்க சாப்பிடறது?

புதுக்குடித்தனம்

வணக்கம், எங்களுக்கு கல்யாணம் ஆகி ஆறு வாரம் ஆச்சு, நவம்பர் கடைசில நாலு நாள் ஹாங்காங் போறோம், ரெண்டு பேருக்குமே இதான் முதல் வெளிநாடு. என் மனைவி சுத்த சைவம், முட்டை கூட தொடமாட்டாங்க. நான் எல்லாம் சாப்பிடுவேன். "நீங்க உங்களுக்குப் புடிச்சத சாப்பிடுங்க, நான் பிரெட்டும் பழமும் வச்சு ஓட்டிக்கறேன்"னு சொல்லிட்டாங்க, ஆனா அவங்கள பிரெட் திங்க வச்சுட்டு நான் எதிர்ல உக்காந்து வாத்துக்கறி சாப்பிடறதுக்கு எனக்கு மனசே வரல. ரெண்டு பேரும் ஒரே டேபிள்ல ஒரே சாப்பாட்ட பகிர்ந்து சாப்பிடற மாதிரி இடம் இருந்தா சொல்லுங்க.

ஏஜென்ட் ஹார்பர்ல டின்னர் க்ரூஸ் சேர்த்து பேக்கேஜ் குடுக்கறார், அது எடுக்கலாமா? விக்டோரியா பீக் மலை மேல பகல்ல போறதா ராத்திரி போறதா? இன்னொன்னு, அவங்க பாஸ்போர்ட்ல இன்னும் அவங்க அப்பா பேர்தான் இருக்கு, மாத்திட்டுதான் போகணுமா?

கடல்காத்து

தம்பி முதல்ல ரெண்டு பேருக்கும் வாழ்த்துக்கள். நான் அங்க பல வருஷம் குடியிருந்தவ, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

பாஸ்போர்ட்ட தொடாதீங்க. இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா இல்லாம 14 நாள் இருக்கலாம், ஆனா கிளம்பறதுக்கு முன்னாடியே ஆன்லைன்ல ப்ரீ அரைவல் ரெஜிஸ்ட்ரேஷன் போடணும், காசு கிடையாது. ரெண்டு பேரும் தனித்தனியா போடணும், பேரு பாஸ்போர்ட்ல இருக்கறபடி எழுத்து மாறாம இருக்கணும், டிக்கெட்லயும் அதே பேருதான். வர்ற ஸ்லிப்ப பிரின்ட் எடுத்து கையோட வச்சுக்கங்க.

க்ரூஸ் வேண்டாம்னுதான் நான் சொல்வேன். எங்க கல்யாண நாளுக்கு ஒருதடவை போனோம், சைவம் உண்டுன்னு புக் பண்ணும்போது சொன்னாங்க, உள்ள போனா வெறும் சோறும் அவிச்ச ப்ரோக்கோலியும்தான், வீட்டுக்கு வந்து ரசம் வச்சு சாப்பிட்டோம். அந்தக் காச மிச்சம் பண்ணி ஹார்பர தாண்டற ஸ்டார் ஃபெரி படகுல போங்க. 1888ல இருந்து ஓடற கம்பெனி, சிம் ஷா சுய்ல ஏறினா பத்து நிமிஷத்துக்குள்ள எதிர்க்கரைல இருக்கற சென்ட்ரல், டிக்கெட் பத்து ஹாங்காங் டாலர் கூட ஆகாது. மரப் பெஞ்சோட முதுகுப் பலகைய அப்படியே எதிர்ப்பக்கம் தள்ளிடலாம், அதனால எந்தப் பக்கம் போனாலும் போற திசைய பாத்து உக்காரலாம். கரை சேரும்போது மாலுமி டிரஸ் போட்ட ஆளுங்க நீளக் கொக்கிக் கம்பால வடக்கயித்த இழுத்துக் கட்டுவாங்க பாருங்க, தண்ணி தெறிக்கற வாசமும் டீசல் வாசமும் சேர்ந்து வரும், எனக்கு ஹாங்காங்னாலே அதான். சாயங்காலம் ஒருதடவை, இருட்டினப்புறம் ஒருதடவை போங்க, ரெண்டும் ரெண்டு ஊர் மாதிரி இருக்கும். திரும்பி வந்து க்ளாக் டவர் பக்கத்துல நின்னா எட்டு மணிக்கு எதிர்க்கரைல லைட் ஷோ, அது ஃப்ரீ.

சாப்பாட்டுக்கு, டயமண்ட் ஹில் ஸ்டேஷன்ல இறங்கி நான் லியான் தோட்டத்துக்குப் போங்க. உள்ள ஒரு அருவி இருக்கு, அதுக்குப் பின்னாடி சைவ ரெஸ்டாரன்ட், நீங்க சாப்பிடும்போது கண்ணாடிக்கு வெளில தண்ணி விழுந்துட்டே இருக்கும். முழுக்க சைவம்ங்கறதால ஒவ்வொரு தட்டா கேட்டுக் கேட்டு பயப்பட வேண்டியதில்ல, எல்லாத்தையும் நடுவுல வச்சு ரெண்டு பேரும் எடுத்துப் போட்டு சாப்பிடலாம். நீங்க கேட்டதும் அதானே. பக்கத்துலயே சி லின் பிக்குணி மடம், ஆணியே அடிக்காம மரத்துல கட்டினது, அங்க கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டு வாங்க.

டிங்டிங்

அக்கா சொன்னதோட ஒரு வார்த்தை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கங்க ப்ரோ: "சிக் ஜாய்". பௌத்த சைவம் சாப்பிடறேன்னு அர்த்தம். வெஜிடேரியன்னு இங்லீஷ்ல சொன்னா கறித் துண்ட மட்டும் எடுத்துட்டு மிச்சத்த குடுப்பாங்க, கீரை மேல ஊத்தறதே ஆய்ஸ்டர் சாஸ்தான், சாதா பேக்கரி பன்ல கூட பன்றிக் கொழுப்பு இருக்கலாம், முட்டை டார்ட் பாக்க அழகா இருக்கேன்னு அண்ணிக்கு வாங்கிக் குடுத்துடாதீங்க.

மலைப்பாதை

பீக் பத்தி யாரும் சொல்லல. பகலா ராத்திரியான்னு கேக்காதீங்க, ரெண்டையும் ஒரே டிரிப்ல பாக்கலாம். நவம்பர் கடைசில அங்க அஞ்சே முக்காலுக்குள்ள சூரியன் மறைஞ்சிடும், நாலு மணிக்கெல்லாம் மேல இருந்தா வெளிச்சம், அந்தி, விளக்கு மூணும் கிடைக்கும். எல்லாரும் அங்க இருக்கற கட்டடத்து மொட்டமாடிக்கு டிக்கெட் எடுத்து முண்டியடிப்பாங்க, நீங்க அத விட்டுட்டு மேலயே இருக்கற லுகார்ட் ரோடுல நடங்க. வீட்டு மாடிப்படி ஏற முடிஞ்ச யாரும் நடக்கலாம், ஏத்தமே கிடையாது. ஒரு பக்கம் ஆலமர விழுது, பதினஞ்சு இருபது நிமிஷத்துல மரமெல்லாம் விலகி மொத்த ஹார்பரும் காலுக்குக் கீழ தெரியும், அந்த இடத்துல என் மனைவி என் கைய புடிச்சுட்டு ரொம்ப நேரம் எதுவும் பேசல.

பீக் ட்ராம் க்யூ பாத்து பயந்தீங்கன்னா சென்ட்ரல்ல இருந்து 15ஆம் நம்பர் பஸ் இருக்கு. ஆனா போகும்போது ட்ராம்லயே போங்கன்னுதான் சொல்வேன், அந்த சரிவுல ஏறும்போது வெளில இருக்கற கட்டடமெல்லாம் சாஞ்சு விழற மாதிரி தெரியும், பஸ்ல அது கிடைக்காது. இறங்கறதுக்கு பஸ் எடுத்துக்கங்க, மாடியில முன் சீட்டு.

லான்டாவ் தீவு பெரிய புத்தர் கோயிலுக்கும் ஒருநாள் ஒதுக்குங்க. துங் சுங்ல இருந்து கேபிள் கார் 25 நிமிஷம், அப்புறம் 268 படி. கீழ போ லின் மடத்துல மதியம் சைவச் சாப்பாடு போடறாங்க. கேபிள் கார் பராமரிப்புக்காக சில நாள் நிறுத்திடுவாங்க, தேதிய பாத்துட்டு புக் பண்ணுங்க.

புதுக்குடித்தனம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, க்ரூஸ் இல்லாத பேக்கேஜா மாத்தச் சொல்லிட்டேன். அருவி ஹோட்டல் விஷயத்த படிச்சுக் காமிச்சேன், அவங்க முகம் அப்படியே மாறிடுச்சு, பிரெட் பேச்சே எடுக்கல. அக்கா, ஒரே ஒரு சந்தேகம், டீ குடுக்கறப்போ டேபிள்ல விரலால தட்டணும்னு யாரோ சொன்னாங்களே, நிஜமா?

கடல்காத்து

நிஜம்தான் தம்பி. யாராவது உங்க கோப்பைல டீ ஊத்தினா ரெண்டு விரல மடிச்சு டேபிள்ல மெதுவா தட்டுவாங்க, நன்றின்னு அர்த்தம். கெட்டில்ல தண்ணி தீந்துட்டா மூடிய பாதி திறந்து சாச்சு வைங்க, கூப்பிடாமலே வந்து நிரப்பிட்டுப் போவாங்க. நீங்க முதல்ல உங்க மனைவிக்கு ஊத்துங்க, அப்புறம் உங்களுக்கு.