பீனைலெப்ரின் சுருக்கம் நிஃபெடிபினுக்கு முழுசா அடங்க மாட்டேங்குது, உதவுங்கள்

வணக்கம். பிசியாலஜி, பார்மகாலஜி ஆட்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் பாருங்கள்.

எலியின் மகாதமனியை வளையமாக வெட்டி, 37 டிகிரி கிரெப்ஸ் கரைசலில் (உடல் திரவம் போன்ற உப்புக் கரைசல்) தொங்கவிட்டு இழுவிசை பதிவு செய்கிறேன். 60 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு தரும் சுருக்கம், 1 மைக்ரோமோலார் நிஃபெடிபின் (கால்சிய வாயில் அடைக்கும் மருந்து) போட்டதும் ஏறக்குறைய அடங்கிவிடுகிறது. அதில் குழப்பமில்லை, செல்லுக்குள் கால்சியத்தை விடும் எல் வகை கால்சிய வாயில் அடைபடுகிறது, அவ்வளவுதான்.

ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்தான பீனைலெப்ரின்தான் படுத்துகிறது. நிஃபெடிபினுக்குப் பாதி இறங்கி அப்படியே நிற்கிறது. கால்சியம் இல்லாத கரைசலில் கொடுத்தால் சட்டென்று ஒரு சின்ன முகடு, பிறகு சரிவு. அது ஆல்ஃபா-1 ஏற்பி தூண்டப்பட்டு, ஐபி3 என்ற செய்தி மூலக்கூறு உருவாகி, செல்லின் உள் சேமிப்பிலிருந்து வெளிவந்த கால்சியம். ஆனால் வெளியே கால்சியம் சேர்த்ததும், நிஃபெடிபின் இருக்கும்போதே, மறுபடி ஏறி நிற்கிறதே, அது எதனால்?

சேமிப்பு காலியானதால் திறக்கும் வேறு வாயிலா? இல்லை, ரோ கைனேஸ் என்ற நொதி, தசையைத் தளர்த்தும் மயோசின் பாஸ்ஃபடேஸை அடக்குவதால், கொஞ்சம் கால்சியத்துக்கே தசை இறுகுகிறதா? ஃபியூரா-2 சாயம் வைத்து கால்சியத்தை நேரடியாகப் பார்க்கும் வசதி எங்கள் லேபில் கிடையாது.

எண்டோதீலியத்தை (குழாயின் உள் படலம்) உரசி எடுத்தாயிற்று; அது போனதற்குச் சான்றாக அசிட்டைல்கோலினுக்குத் தளரவில்லை. நிஃபெடிபின் வெளிச்சத்தில் கெடும், அதனால் ஃபாயில் சுற்றியே வைக்கிறேன். (முதலில் அதைத்தான் கேட்பீர்கள், தெரியும்!)

ஒய்-27632 (ரோ கைனேஸ் தடுப்பான்) முதலில் போடுவதா, 2-ஏபிபியா (சேமிப்பு காலியானதும் திறக்கும் வாயிலின் தடுப்பான்)? பின்னது ஐபி3 ஏற்பியையும் தொடும் என்பதால் தயக்கம். இதே வரிசையில் செய்தவர்கள் உங்கள் ட்ரேஸ் (இழுவிசைப் பதிவு) ஒன்றைப் பகிர்ந்தால் பெரிய உதவியாக இருக்கும்.