ஹிட்ச்காக்கின் பிரிட்டிஷ் த்ரில்லர்கள் வெறும் ஒத்திகைகளா?

கடைசிவரிசை:
ஆல்ஃப்ரட் ஹிட்ச்காக் 1939இல் அமெரிக்கா செல்வதற்கு முன் பிரிட்டனில் எடுத்த த்ரில்லர் படங்களை முதன்முறையாகப் பார்த்து முடித்தேன். பிற்காலப் படங்களுக்கான ஒத்திகைகளாகவே அவை தோன்றுகின்றன. 'தி மேன் ஹூ நியூ டூ மச்' படத்தை 1934இல் எடுத்தவர், 1956இல் அதையே மீண்டும் எடுத்தார். முதலாவது திறமையுள்ள ஓர் அமெச்சூரின் வேலை, இரண்டாவது தொழில் தேர்ந்தவரின் வேலை என்று பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் அவரே கூறியிருக்கிறார். புதிதாகப் பார்ப்பவர்கள் 'ரியர் விண்டோ' (1954) போன்றவற்றில் தொடங்குவதே நல்லது.

நிழலாட்டம்:
உங்கள் கருத்தை வன்மையாக மறுக்கிறேன். 'பிளாக்மெயில்' (1929) மௌனப் படமாகத் தொடங்கிப் பாதியில் பேசும் படமாக மாறியது. நாயகி அன்னி ஓந்த்ராவின் செக் உச்சரிப்பு பொருந்தாததால், சட்டகத்துக்கு வெளியே நின்று ஜோன் பாரி வசனம் பேச, ஓந்த்ரா வாயசைத்தார். அத்தனை நெருக்கடிக்கு நடுவிலும், கத்தியால் ஒருவனைக் கொன்றுவிட்டு வீடு திரும்பிய அப்பெண் காலை உணவு மேசையில் அமர்ந்திருக்க, அண்டை வீட்டுக்காரியின் வம்புப்பேச்சு முழுதும் தெளிவற்று மங்கி, 'கத்தி' என்ற ஒரே சொல் மட்டும் அவள் காதில் அறைவதுபோல் ஒலிக்கும்படி செய்திருக்கிறாரே, அதை ஒத்திகை என்று எப்படிச் சொல்வது?

கடைசிவரிசை:
ஒரு காட்சி சிறந்திருப்பதால் படம் முழுமை பெற்றுவிடாது. 'சபோட்டாஜ்' (1936) படத்தில், வெடிகுண்டு என்று அறியாமல் ஒரு பொட்டலத்தைச் சுமந்து செல்லும் சிறுவன், பேருந்திலேயே அது வெடித்து இறக்கிறான். அவ்வளவு நேரம் பதற்றத்தில் வைத்திருந்து சிறுவனைக் கொன்றது தவறு என்று ஹிட்ச்காக்கே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

நிழலாட்டம்:
அவரே சொன்னாலும் அதை என்னால் ஏற்க இயலாது. அடுத்து வரும் இரவு உணவுக் காட்சியை நினைத்துப் பாருங்கள். அந்தப் பொட்டலத்தைக் கொடுத்தனுப்பி, தன் தம்பியான அச்சிறுவனின் சாவுக்குக் காரணமான கணவனுக்கு உணவு பரிமாறும் நாயகியின் கை கத்தியை நோக்கி நகர்வதும், விலகுவதும், அதைக் கணவன் கவனித்துவிடுவதும் ஏறக்குறைய வசனமே இன்றி நிகழ்கின்றன. சிறுவன் பிழைத்திருந்தால் அந்தக் கைக்கு என்ன கனம் இருந்திருக்கும்?

பழம்பிரதி:
இடையில் ஒரு வேண்டுகோள். மங்கிய பிரதிகளைப் பார்த்து இப்படங்களை எடைபோடாதீர்கள். 'தி லாட்ஜர்' (1927) உள்ளிட்ட மௌனப் படங்களை பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் மீட்டெடுத்துள்ளது.

கடைசிவரிசை:
உணவுக் காட்சியின் வலிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் சிறுவனைக் கொல்லத் துணிந்த படம், இறுதியில் இன்னொரு குண்டை வெடிக்கச் செய்து, அவள் கணவனைக் கொன்றதற்கான தடயத்தை அழித்து, அவளைக் காப்பாற்றிவிடுகிறது. அது துணிவின்மைதான்.

நிழலாட்டம்:
அவள் தப்பவில்லை என்றே நான் கருதுகிறேன். 'பிளாக்மெயில்' நாயகியும் தண்டனை பெறாமல்தான் வெளியேறுகிறாள். உண்மை அறிந்த துப்பறிவாளனே அவளுடைய காதலன். சட்டம் விட்டுவிட்ட குற்றத்தை வாழ்நாள் முழுதும் சுமக்கும் பெண்களை 1929இலும் 1936இலும் அவர் காட்டியிருக்கிறார் என்றால், அவற்றைப் பிற்காலப் படங்களின் நிழலில் நிறுத்தத் தேவையில்லை.