கல்லீரலில் லேப்ராஸ்கோபி: முதல் கேஸை எதில் தொடங்குவது?

கேள்வி (பொது அறுவைப் பிரிவு):
பித்தப்பை, பெருங்குடல் எல்லாம் லேப்பில் (லேப்ராஸ்கோபி, சிறு துளைகள் வழியே செய்யும் அறுவை) வழக்கமாக நடக்கிற இடம் எங்களுடையது. கல்லீரல் மட்டும் இன்னும் ஓப்பன்தான் (வயிற்றைத் திறந்து செய்வது). எந்தக் கட்டியில் தொடங்குவது? கியூசா (அல்ட்ராசவுண்டால் திசுவைச் சிதைத்து உறிஞ்சும் கருவி) இல்லை, ஹார்மோனிக்கும் (அதிர்வால் வெட்டி ரத்தத்தை அடைக்கும் கருவி) ஸ்டேப்லரும் (பின் அடித்து நடுவே வெட்டும் கருவி) போதுமா? ரத்தம் பீறிட்டால் கையால் அமுக்க முடியாதே, என்ன வழி?

பதில் (கல்லீரல் அறுவை):
கட்டியின் அளவைவிட அது உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள் சார். 2008-இல் அமெரிக்காவின் லூயிவிலில் கூடிய நிபுணர் கூட்டம் வகுத்த எல்லை தொடங்குகிறவர்களுக்கு இன்றும் சரி: ஒற்றைக் கட்டி, 5 செ.மீ.க்குள், கல்லீரலின் எட்டுப் பகுதிகளில் 2 முதல் 6 வரையானவற்றில். அதிலும் முதலில் விளிம்பில் தொங்குவது, பிறகு இடது பக்கவாட்டுப் பகுதி (2, 3). 7, 8 இரண்டும் விலாவுக்குப் பின்னால், உதரவிதானத்துக்கு அடியில். நேரான கருவிக்கு அங்கே கோணமே கிடைக்காது. சின்னக் கட்டிதானே என்று 7-இல் கை வைக்க வேண்டாம்.

2, 3 எடுக்கும்போது வெட்டுக்கோடு ஃபால்சிஃபார்ம் லிகமென்டுக்கு (கல்லீரலை முன்வயிற்றுச் சுவரோடு இணைக்கும் மடிப்பு) சற்றே இடப்புறம். மேலே 2 செ.மீ. ஆழம் வரை ஹார்மோனிக் போதும். அதற்குக் கீழே அதன் முனையைக் குருட்டாம்போக்கில் குத்தினால் சிரை ஓட்டையாகும். கியூசா இல்லாவிட்டால் திசுவைக் கொஞ்சம் கொஞ்சமாக நசுக்கி, இழையாக மிஞ்சும் குழாய்க்குக் கிளிப் போட்டு வெட்டலாம். பகுதித் தண்டுகளுக்கு (அந்தப் பகுதிகளுக்குப் போகும் குழாய்க் கட்டு) வெள்ளை கார்ட்ரிட்ஜ் (ரத்தக்குழாய்க்கான சிறு பின்) ஸ்டேப்லர். இடது ஹெபாட்டிக் வெய்ன் (கல்லீரலில் இருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரை) கடைசியில். ஸ்டேப்லர் போகும் பாதையில் ஒரு கிளிப்கூட இருக்கக் கூடாது. தாடைக்குள் கிளிப் சிக்கினால் பின் சரியாக மடியாது, கத்தி மட்டும் ஓடிவிடும். அந்த ரத்தத்தை லேப்பில் நிறுத்துவது பெரும்பாடு.

பதில் (மயக்கவியல்):
ரத்தக் கேள்விக்குப் பாதி விடை தலைமாட்டில் இருக்கிறது. வெட்டி முடியும்வரை சிரைவழித் திரவத்தை இறுக்கிப் பிடித்து, சி.வி.பி. (இதயத்துக்குத் திரும்பும் பெருஞ்சிரையின் அழுத்தம்) 5 மி.மீ. பாதரசத்துக்குக் கீழ், தலைப்பக்கம் உயரம், வென்டிலேட்டரில் பீப் (மூச்சு விட்ட பிறகும் நுரையீரலில் தங்கும் அழுத்தம்) குறைவு, வயிற்றை உப்பவைக்கும் கார்பன் டை ஆக்சைடு வாயுவின் அழுத்தம் 12. பிரிங்கிள் (கல்லீரலுக்கு ரத்தம் வரும் குழாய்க் கட்டைச் சுற்றிய டேப்) இறுக்கினால் உள்ளே வரும் ரத்தம்தான் நிற்கும். ஹெபாட்டிக் வெய்னில் பின்னால் வருவது நிற்காது, அதற்குத்தான் சி.வி.பி.

சிரை திறந்துவிட்டால் சக்‌ஷனுக்குப் பாயாதீர்கள். அது வாயுவையும் சேர்த்து உறிஞ்சும், அழுத்தம் இறங்கிக் கசிவு கூடும். காஸ் துணி வைத்து அமுக்கிக் காத்திருங்கள். வயிற்று வாயுவின் அழுத்தத்தைக் கொஞ்ச நேரம் 15-க்கு ஏற்றலாம், ஆனால் வாயு சிரைக்குள் நுழையலாம். எண்ட் டைடல் கார்பன் டை ஆக்சைடும் (வெளிவிடும் மூச்சின் கடைசியில் அளப்பது) பி.பி.யும் சட்டென்று சேர்ந்து விழுந்தால் வாயுவை நிறுத்தி, ஓட்டையை மூடி, 100% ஆக்சிஜன் கொடுங்கள். கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் சீக்கிரம் கரையும், ஆர்கான் கரையாது. ஆர்கான் மெஷினை (ஆர்கான் வாயு வழியே மின்சாரம் பாய்ச்சி ரத்தத்தை நிறுத்தும் கருவி) லேப் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

பதில் (தியேட்டர் நர்சிங்):
பிரிங்கிள் டேப் வெட்டுத் தொடங்கும் முன்பே சுற்றியிருக்கணும். 15 நிமிடம் இறுக்கம், 5 நிமிடம் தளர்வு. நேரத்தை ஒருவர் உரக்கச் சொல்லணும். 4-0 புரோலீன் தையல் நூலை 12 செ.மீ.க்கு வெட்டி வாலில் கிளிப் போட்டு இரண்டு தயாராக வையுங்கள், முதல் முடிச்சுப் போடும் நேரம் மிச்சம். ஓப்பன் அறுவைக்கான கருவி செட் எண்ணி டிராலியில் இருக்கணும், அலமாரியில் இருந்து பயனில்லை.

பதில் (கல்லீரல் அறுவை):
ஒன்று விட்டுப்போனது: லேப் அல்ட்ராசவுண்ட் புரோப். தொட்டுப் பார்க்க முடியாத இடத்தில் அதுதான் விரல். கியூசாவுக்கு முன் அதை வாங்குங்கள்.

எப்போது லேப்பை விட்டு வயிற்றைத் திறப்பது (கன்வர்ட்) என்பதை முன்கூட்டியே பேசிவைக்கவும். குடல் புற்று கல்லீரலுக்குப் பரவிய 280 பேரை வைத்து ஆஸ்லோவில் நடந்த ஒப்பீட்டில் சிக்கல் ஓப்பனில் 31%, லேப்பில் 19%. உயிர்வாழும் காலத்தில் வித்தியாசமில்லை. ஆகவே கன்வர்ட் செய்ததைத் தோல்விக் கணக்கில் எழுதும் துறையைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

கேட்டவர்:
நன்றி. 6-ஆம் பகுதி விளிம்பில் 3 செ.மீ. கட்டி, சிரோசிஸ் (கல்லீரல் இறுக்கம்), சைல்ட் ஏ (சிரோசிஸின் லேசான நிலை). முதல் கேஸாக எடுக்கலாமா?

பதில் (கல்லீரல் அறுவை):
இடம் சரி, கல்லீரல் சரியில்லை. சிரோசிஸில் திசு நார்கட்டி இறுகியிருக்கும். நசுக்கினால் பிரியாது, கசிந்துகொண்டே இருக்கும். பிளேட்லெட் 1 லட்சத்துக்குக் கீழே இருந்தால் போர்ட்டல் அழுத்தமும் (குடலில் இருந்து கல்லீரலுக்கு வரும் சிரையின் அழுத்தம்) கூடியிருக்கும் என்று வையுங்கள். இவருக்கு இப்போது ஓப்பன், அல்லது லேப்பில் பழகிய சென்டருக்கு அனுப்புங்கள். முதல் கேஸுக்குச் சாதாரணக் கல்லீரல் வரட்டும்.